டல்பிட் ரசிகையர் மன்றம், பதிவு எண் 4138

ஆகஸ்ட் 19, சனி

அம்மா என் போனைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். காரணம், மிட்டேர்ம் பரீட்சையில் கெமிஸ்ட்ரி. எவ்வளவு மார்க் என்பது இந்த வரலாற்றுக்குத் தேவையில்லாத விஷயம். போன் இல்லாததால் இனி எல்லாவற்றையும் இந்த நோட்டில்தான் எழுதப்போகிறேன். ஒருவகையில் நல்லதுதான். பெரிய மன்றம் என்று ஒன்று இருந்தால் அதன் வரலாற்றை யாராவது எழுதித்தானே ஆகவேண்டும்? நிறுவியவளே எழுதினால் தப்பு வராது.

ஆகவே: தென்காசி டல்பிட் ரசிகையர் மன்றம் சென்ற மாதம் 24ஆம் தேதி, எங்கள் கேர்ள்ஸ் ஸ்கூல் வேப்பமரத்தடியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கப்பட்டது. நிறுவனரும் தலைவரும்: மா. இசக்கிராணி, பதினொன்றாம் வகுப்பு, வயது பதினாறு. அதாவது நான். செயலாளர்: ஜெபக்கனி. என் கிளாஸ், என் பெஞ்சு, பக்கத்துத் தெரு. உறுப்பினர்கள் இன்றைய தேதிக்கு முப்பத்தொன்று.

டல்பிட் என்றால் கொரிய மொழியில் நிலா வெளிச்சம். ஐந்து பையன்கள். பாடுவார்கள், ஆடுவார்கள், அழுதால்கூட அழகாக அழுவார்கள். "ஏட்டி, இதுல பையன் எது, பொம்பளப்பிள்ள எது?" என்று அம்மா கேட்கிறாள். அம்மாவுக்குப் பதில் சொல்லி மாளாது.

மற்ற ஊர்களில் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் ஆரம்பித்துவிட்டு, நாங்களும் ரசிகைகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதெல்லாம் ஒரு மன்றமா? எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு சினிமா நடிகருக்கு மன்றம் இருக்கிறது. போர்டில் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள். கீழே கொட்டை எழுத்தில் பதிவு எண். சென்னையில் இருக்கிற தலைமை மன்றம் எண் கொடுத்தால்தான் அது மன்றம். கொடுக்காவிட்டால் நாலு பேர் கூடி நிற்கிறார்கள், அவ்வளவுதான். இந்த அடிப்படை விஷயம்கூடத் தெரியாமல் இந்தக் காலத்தில் எத்தனை பேர் ரசிகை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்!

ஆகஸ்ட் 21, திங்கள்

இரண்டாவது பொதுக்குழு. எல்லாரும் டிபன் பாக்ஸோடு வந்திருந்தார்கள்.

பிரச்சினை இதுதான். மெட்ரிக் ஸ்கூல் தர்ஷனா இருக்கிறாளே, அவளும் டல்பிட்டுக்கு ஒரு குரூப் வைத்திருக்கிறாள். பதினாறு பேர். "தென்காசி அஃபிஷியல்" என்று இன்ஸ்டாவில் போட்டிருக்கிறாளாம். அஃபிஷியலாமே! யார் கொடுத்தது?

எட்டாங்கிளாஸ் மைதீன் பாத்து எழுந்து, "அக்கா, அப்ப நாம அஃபிஷியலா, அவங்களா?" என்று கேட்டாள். குழந்தை முகம் வாடிப்போயிருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். அங்கேயே தீர்மானம் போட்டேன். டல்பிட் தொடங்கிய ஐந்தாம் ஆண்டு நாளான டிசம்பர் 9க்குள், சியோலில் இருக்கும் தலைமை மன்றத்திடமிருந்து நம் மன்றத்துக்குப் பதிவு எண் வாங்கித் தருவேன். வாங்காவிட்டால் தலைவர் பதவியிலிருந்து இறங்கிவிடுவேன். மினிட்ஸ் நோட்டில் எழுதி, முப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது. ஜெபக்கனி மட்டும் தட்டவில்லை. "எதுக்குட்டி இறங்குவேன்னு சொன்ன? வாங்குவேன்னு மட்டும் சொல்லியிருக்கலாம்லா" என்று காதோரம் முணுமுணுத்தாள். அவளுக்குப் பொதுவாழ்க்கை தெரியாது.

ஆகஸ்ட் 26, சனி

ஜெபக்கனி வீட்டில் கடிதம் தயாரித்தோம். தமிழில் நான் எழுதினேன். கொரிய மொழியில் அவள் எழுதினாள். அவளுக்குக் கொரியன் வரும் என்பது எனக்கே ஜூலை மாதம்தான் தெரியும். வீடியோ பார்த்து, பாட்டு கேட்டு, தானாகவே இரண்டு வருஷமாகப் படித்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்கிறாள். மன்றம் வருவதற்கு முன்னால் அவள் குரலைக் கிளாஸில் பாதிப் பேர் கேட்டதே இல்லை, சர்ச் கொயரில் பாடுவதோடு சரி.

"ஏட்டி ராணி, அவங்களுக்குத் தலைமை மன்றம்னு ஒண்ணு உண்டா?"

"இல்லாம எப்படிட்டி இருக்கும்? உலகம் பூரா கோடிக்கணக்குல ரசிகைங்க. தலைமை இல்லாமலா நடத்துதாவ?"

"கம்பெனிதான் இருக்கு."

"அப்ப அந்தக் கம்பெனிதான் தலைமை மன்றம். எழுது."

பதிவு எண் என்பதற்குக் கொரிய மொழியில் சரியான சொல் கிடைக்காமல் பேனாவைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இருக்கிற சொல்லைப் போட்டால் வண்டி நம்பர் கேட்கிற மாதிரி இருக்கிறதாம். பரவாயில்லை, போடு என்று சொல்லிவிட்டேன். விஷயம் புரிந்தால் சரி.

இணைப்புகள்: நிர்வாகிகள் பட்டியல், தந்தை பெயருடன். முப்பத்தொரு உறுப்பினர்களின் கையெழுத்து. மார்பளவுப் புகைப்படங்கள். ஆதார் நகல்கள். தீர்மானத்தின் நகல். எல்லாவற்றிலும் "உண்மை நகல்" என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். சியோலில் இப்படி ஒரு விண்ணப்பத்தை இதுவரை பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 28, திங்கள்

போஸ்ட் ஆபீஸில் அந்த அம்மா கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொரியாவுக்கா? வேலைக்கு அப்ளிகேஷனா தாயி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விளக்கினால் விடிந்துவிடும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பதில் இல்லை. போய்ச் சேரவே பத்து நாள் ஆகும்.

செப்டம்பர் 23, சனி

ஐந்தாம் ஆண்டு விழாவுக்கு டான்ஸ் பயிற்சி ஆரம்பம். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இடம். ஜெபக்கனிதான் சொல்லிக்கொடுக்கிறாள். வாயே திறக்காத பிள்ளை, "எட்டாவது கவுண்ட்ல கை மேல வரணும்! யாருக்கு வரல? பாத்து, உனக்குத்தான் சொல்லுதேன்!" என்று போடுகிற சத்தத்தில் சத்துணவு ஆயா எட்டிப்பார்க்கிறாள். அவளைச் செயலாளராகப் போட்டது நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

நான் ஆடுவதில்லை. எல்லாரும் ஆடினால் மேற்பார்வை யார் பார்ப்பது?

அக்டோபர் 9, திங்கள்

பழைய பஸ் ஸ்டாண்டில் தர்ஷனாவைப் பார்த்தேன். டல்பிட் படம் போட்ட பை, டல்பிட் கீ செயின். வசதியான வீட்டுப் பிள்ளை. இருக்கட்டும்.

"நீங்க லெட்டர் போட்டிருக்கீங்களாமே, ஆதார் கார்டெல்லாம் வெச்சு?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"ஆமா. எண் வரும். வந்ததும் உங்க போர்டை நீங்களே எடுத்துருங்க."

"எங்ககிட்ட போர்டே இல்லையே."

"அதைத்தான் சொல்லுதேன்."

அவள் கீ செயினைச் சுழற்றிக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. கத்தரிக்காய் சரியில்லை.

அக்டோபர் 30, திங்கள்

பதில் இல்லை. போஸ்ட்மேன் என்னைப் பார்த்தாலே சைக்கிளில் இருந்தபடியே கையை விரித்துக்காட்டுகிறார்.

நவம்பர் 13, திங்கள்

தீபாவளி முடிந்தது. அம்மாவுக்குக் கடையில் ஓயாத வேலை. அவள் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் தென்காசியில் பாதிப் பேனரில் இருக்கிற முகங்களை வரிசையாக நிற்க வைத்தது என் அம்மாதான். டிசம்பர் 9 பேனரும் அவள்தான் போட்டுத்தருவாள், கேட்டுவிட்டேன். "நம்பரு வந்துட்டா பெருசாப் போடுவோம்" என்றாள். வராவிட்டால் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இருபத்தாறு நாள் இருக்கிறது. நிறைய நாள்தான்.

நவம்பர் 20, திங்கள்

வந்துவிட்டது!!!

நிதானமாக எழுதுகிறேன். இது வரலாறு.

காலையிலிருந்து மழை. கிளாஸில் மூன்று பேர் லீவு. நான் லீடர் என்பதால் வழக்கம்போல கரும்பலகை மூலையில் பதிவு 41, வருகை 38 என்று எழுதிவிட்டு உட்கார்ந்தேன். மதியம் அம்மாவே குடையோடு ஸ்கூல் வாசலில் வந்து நிற்கிறாள். கையில் வெள்ளைக் கவர். கவரில் நிலா. எனக்குக் கால் தரையிலேயே இல்லை.

மழை என்பதால் முப்பத்தொரு பேரும் எங்கள் கிளாஸுக்குள் வந்து அடைந்துகொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். கவரை நான் பிரித்தேன். ஜெபக்கனியிடம் கொடுத்து, "சத்தமா வாசி" என்றேன். அவள் ஒருமுறை மனதுக்குள் படித்தாள். இன்னொருமுறை படித்தாள். மைதீன் பாத்து, "எண் இருக்காக்கா? இருக்கா?" என்று குதிக்கிறாள். ஜெபக்கனி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு வாசித்தாள்.

"தென்காசி டல்பிட் ரசிகையர் மன்றத் தலைவர் இசக்கிராணி அவர்களுக்கு வணக்கம். தங்கள் விண்ணப்பமும் இணைப்புகளும் கிடைத்தன. உலகத்தில் எத்தனையோ ரசிகர்கள் இருந்தாலும் இவ்வளவு ஒழுங்கும் கட்டுப்பாடும் உள்ள மன்றத்தை நாங்கள் கண்டதில்லை. தங்கள் தலைமையில் அது மேலும் வளரவேண்டும். தங்கள் மன்றத்தின் பதிவு எண்..." இங்கே கொஞ்சம் நிறுத்தினாள். என் தலைக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தாள். "நாலாயிரத்து நூத்து முப்பத்தெட்டு."

பெஞ்சு உடைந்துவிட்டது. நிஜமாகவே உடைந்துவிட்டது, ஒரு கால். கணக்கு டீச்சர் ஓடிவந்து எல்லாரையும் திட்டினார். நான் அழவில்லை. கண்ணில் சாக்பீஸ் தூசி.

கடிதத்தை வீட்டுக்கு வந்து ஆசை தீரப் பார்த்தேன். மொத்தம் நாலே வரிதான் இருக்கிறது. ஜெபக்கனி வாசித்தது தமிழில் ஒரு பக்கம் வரும். அதை நாலு வரியில் அடக்கிவிட்டார்கள் என்றால் எப்பேர்ப்பட்ட மொழி! எண்ணையும் எழுத்தால்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது. மேலே தேதியைத் தவிர இலக்கம் எதுவும் கண்ணில் படவில்லை.

நவம்பர் 22, புதன்

ரப்பர் ஸ்டாம்பு தயார். வட்டமாக மன்றத்தின் பெயர், நடுவில் பதிவு எண் 4138. முப்பத்தொரு உறுப்பினர் அட்டையிலும் நானே குத்தினேன். கட்டை விரல் ஊதாவாகிவிட்டது, கழுவவில்லை. ஜெபக்கனிக்குத் தலைவலி என்று பயிற்சிக்கு வரவில்லை.

நவம்பர் 25, சனி

பேனருக்காக அம்மாவின் கடைக்குப் போனேன். ஐந்து பேர் படம் நடுவில், உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர் கீழே, ஓரத்தில் சியோலிலிருந்து வந்த கடிதம். அம்மா கடிதத்தை ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கினாள்.

"நம்பரு எங்கட்டி இருக்கு? அதை மட்டும் தனியா எடுத்துச் செவப்புல வட்டம் போட்டுருவோம். ரோட்டுல போறவனுக்கும் தெரியணும்லா."

"எழுத்துல எழுதியிருக்கும்மா."

"சரி, எந்த எடத்துல?"

மூன்றாவது வரியில் என்று சொன்னேன். அம்மா தன் போனில் மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து, திரைக்கு நேரே பிடித்தாள். தெலுங்குக் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் வந்தால் இப்படித்தான் பிடித்துப் படிப்பாள். படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒரு வளைகாப்பு பேனர் அவசரமாக் கேட்டிருக்காவ. இதை அப்புறம் பாப்போம், என்ன?" என்றாள்.

அம்மாவுக்கு நிறைய வேலை. நான் வந்துவிட்டேன்.

சாயங்காலம் பீரோவைத் திறந்து என் போனை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கெமிஸ்ட்ரி மார்க் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஏன் கொடுத்தாள் என்று தெரியவில்லை. போனில் சார்ஜ் இல்லை.

நவம்பர் 26, ஞாயிறு

துணி துவைத்தேன். யூனிஃபார்ம் இரண்டு, பெட்ஷீட் ஒன்று, அம்மாவின் புடவை மூன்று. மழை, காயவில்லை. போனுக்குச் சார்ஜ் போட்டேன்.

நவம்பர் 27, திங்கள்

காலையில் கரும்பலகையில் பதிவு 41 என்று எழுதினேன். வருகை எழுதுவதற்குள் சாக்பீஸ் உடைந்துவிட்டது. டீச்சர் வந்து எழுதிக்கொண்டார்கள்.

நவம்பர் 28, செவ்வாய்

கடிதத்தின் மேல் போனை வைத்துப் படித்தேன்.

"டல்பிட் மீது நீங்கள் வைத்திருக்கும் அன்புக்கு நன்றி. ஏராளமான கடிதங்கள் வருவதால் தனித்தனியே பதில் எழுத இயலவில்லை. குளிர்காலம் வருகிறது. உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்."

தென்காசியில் குளிர்காலமாம்.

நவம்பர் 29, புதன்

ஜெபக்கனியோடு பேசவில்லை. அவள் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். எலுமிச்சை சாதம். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன். என்ன தைரியம் இவளுக்கு! முப்பத்தொரு பேர் நடுவில் நின்று, என் பெயரைச் சொல்லி, வாய்கூசாமல்! அவள் வாசிக்கும்போது நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனே, அதை நினைத்தால் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்டாம்பு வேறு அடித்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டுவிட்டால்? யாருக்குக் கொரியன் தெரியும்? பேனரில் கடிதத்தைப் போடவேண்டாம், எண்ணை மட்டும் போட்டால் போதும். தலைவர் பதவி அப்படியே இருக்கும். இதை எழுதிவிட்டு அடித்துவிடலாம் என்றிருந்தேன். அடிக்கவில்லை. வரலாறு.

டிசம்பர் 1, வெள்ளி

தர்ஷனா ஸ்கூல் வாசலில் காத்திருந்தாள். கையில் வெள்ளைக் கவர். கவரில் நிலா.

"உங்களைப் பாத்துதான் நானும் அக்டோபர்ல லெட்டர் போட்டேன்" என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை. "இது வந்துச்சு. போன்ல பாத்தேன், சும்மா நன்றின்னு இருக்கு. உங்களுக்கு மட்டும் எப்படி நம்பர் குடுத்தாங்க? என்ன எழுதிக் கேட்டீங்க?"

அதே நாலு வரி. அதே நிலா. கவரை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் கெட்டிக்காரி. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒன்பதாம் தேதி பூங்காவுல விழா வெச்சிருக்கீங்கள்ல? நாங்க பதினாறு பேரும் வரோம். உங்க லெட்டரையும் எடுத்துட்டு வாங்க, சேர்த்து வெச்சுப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது விஷயம் என் பதவியோடு நிற்கவில்லை. இரண்டு கடிதத்தையும் சேர்த்து வைத்தால் எல்லாரும் கேட்கப்போகும் முதல் கேள்வி, வாசித்தது யார்? மைதீன் பாத்து வரை எல்லாருக்கும் தெரியும், வாசித்தது யார் என்று. நேற்றுவரை வாயே திறக்காத பிள்ளை, திறந்ததும் பொய் சொன்னவள் என்று ஆகிவிடும். மறுபடியும் மூடிக்கொள்வாள். எனக்கு அவளைத் தெரியும்.

டிசம்பர் 3, ஞாயிறு

சர்ச் முடிந்து வருகிற நேரம் பார்த்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றேன். கொயர் வெள்ளைப் புடவையில் ஜெபக்கனி பெரிய மனுஷி மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"படிச்சிட்டியா?"

"கரும்பலகையைப் பாத்து நம்பர் சொல்லியிருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"வேற நம்பர் வாயில வரலட்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் இருக்கும்போது சிரிப்பு வருவது எவ்வளவு பெரிய தொல்லை! அடக்கிக்கொண்டு, ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "நீ இறங்கிருவலா. சொன்னா செய்வ நீ, எனக்குத் தெரியும். நீ இறங்கிட்டா மன்றம் யாருக்குட்டி? எனக்கு டல்பிட்ட வீட்டுலயே கேக்கத் தெரியும். ரெண்டு வருஷமாக் கேட்டேன்லா தனியா. நீ பெஞ்சுல பக்கத்துல உக்காந்து, 'ஏட்டி நீ கொரியன் பேசுவியா, அப்ப நீதான் செயலாளர்'னு சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு ஸ்கூலுக்கு வரவே பிடிக்கு."

சர்ச் வாசலில் ஆட்கள் பார்க்கிறார்கள். தலைவர் என்ற முறையில் கண்டிக்க வந்தவள், அவள் புடவை முந்தானையில் என் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அழுதேன். அவளுக்காகக் கொஞ்சம், எனக்காக நிறைய. பதவியை விட எனக்கு மனசே இல்லை. சத்தியமாக இல்லை.

டிசம்பர் 6, புதன்

அம்மா பேனரை முடித்துவிட்டாள். கடிதமும் இல்லை, எண்ணும் இல்லை. ஐந்து பையன்கள், முப்பத்தொரு பிள்ளைகள். "நம்பர் போட எடம் விட்டு வெச்சிருக்கேன். போடணுமா, என்னன்னு நீ சொல்லு" என்றாள். அந்த இடத்தில் ஒரு பூச்செண்டு போடச் சொன்னேன். அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. பூச்செண்டு மட்டும் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

டிசம்பர் 9, சனி

நகராட்சிப் பூங்கா. நாலு மணி. மழை விட்டிருந்தது. எங்கள் முப்பத்தொரு பேரும் வந்துவிட்டார்கள். தர்ஷனா ஆட்கள் பதினாறு பேர், ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஜெபக்கனி பேனர் கட்டியிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளுத்துப்போய் நின்றாள். அவளிடம் நான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் தடுத்திருப்பாள்.

சிமெண்ட் பெஞ்சு மேல் ஏறினேன். மினிட்ஸ் நோட்டைத் திறந்து ஆகஸ்ட் 21 தீர்மானத்தைத் தேதியோடு வாசித்தேன். வாசித்துவிட்டுச் சொன்னேன்:

"இன்னைக்கு டிசம்பர் ஒன்பது. நமக்கு எண் வரல. வந்த கடிதத்துல நன்றி மட்டும்தான் இருக்கு. தர்ஷனாவுக்கு வந்ததும் அதே கடிதம்தான். சியோல்ல யாரும் யாருக்கும் எண் குடுக்கறதில்ல. அப்படி ஒரு வழக்கமே அவங்ககிட்ட கிடையாது. அது நம்ம ஊரு வழக்கம். அங்கயும் இருக்கும்னு நினைச்சது என் தப்பு. எண் வந்துருச்சுன்னு ஊருக்கெல்லாம் சொல்லி ஸ்டாம்பு குத்தினதும் நான்தான். அதனால தீர்மானப்படி தலைவர் பதவியிலிருந்து இறங்குதேன்."

பெஞ்சிலிருந்து இறங்கினேன். பதவியிலிருந்து இறங்குவதும் பெஞ்சிலிருந்து இறங்குவதும் ஒரே நேரத்தில் நடந்ததில் கால் கொஞ்சம் இடறியது, ஆனால் விழவில்லை. வாசித்தது யார் என்று யாரும் கேட்பதற்குள் டான்ஸை ஆரம்பித்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். பாட்டைப் போடு என்று கையைக் காட்டினேன்.

"பாட்டு வேண்டாம், நிறுத்துங்க!"

ஜெபக்கனி. அந்தக் குரல் பூங்கா கேட் வரை கேட்டிருக்கும். பேனர் கம்பியை விட்டுவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

"கடிதத்தை வாசிச்சது நான். எண் இருக்குன்னு பொய் சொன்னது நான். ராணிக்கு அப்பத் தெரியாது. அவ என்னைக் காட்டிக்குடுக்காம இறங்குதா. அவ மேல தப்பு இல்ல."

என் திட்டம் பாழ். ஆனால் எழுதித்தான் ஆகவேண்டும்: என் நெஞ்சு விம்மிவிட்டது. இந்தப் பிள்ளையா ஜூலை வரைக்கும் வருகைப் பதிவில் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்வதற்கே தொண்டையைச் செருமினவள்!

மைதீன் பாத்து தன் அட்டையைக் கழுத்திலிருந்து எடுத்துப் பார்த்தாள். "அப்ப இந்தக் கார்டு செல்லாதாக்கா?"

யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. நான்தான் பதில் சொன்னேன். "எண் செல்லாது பாத்து."

இனி எல்லாரும் கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். தர்ஷனா முன்னால் வந்தாள். கையில் அவள் கவர் இருந்தது. அதை அவள் காட்டவேயில்லை, பைக்குள் வைத்துவிட்டாள்.

"எங்ககிட்ட கார்டும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள். "சொன்னா சிரிப்பீங்க. நாங்க பதினாறு பேரும் ஒரே இடத்துல நிக்கிறதே இன்னைக்குத்தான். இவ்வளவு நாளா போன்லயேதான் பேசிக்கிட்டிருந்தோம். நீங்க தினமும் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாடி ஆடுறீங்கன்னு கேள்விப்பட்டப்ப எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா? எங்களையும் சேத்துக்குவீங்களா?"

சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தலைவர் இல்லை. அப்போதுதான் எல்லாருக்கும் அது உறைத்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் வாய் நமநம என்றது. கஷ்டப்பட்டு மூடிக்கொண்டேன்.

"ஜெபா அக்கா தலைவரா இருக்கட்டும்" என்றாள் மைதீன் பாத்து.

"நான் பொய் சொன்னவ, பாத்து."

"அதான் சொல்லிட்டீங்களேக்கா."

கை தூக்கச் சொன்னேன். முதல் கை என்னுடையது. வரலாறு இதைக் குறித்துக்கொள்ளவேண்டும். பிறகு கைகள் மடமடவென்று ஏறின. தர்ஷனாவும் தூக்கினாள், அவள் ஆட்களும் தூக்கினார்கள். தர்ஷனா செயலாளர். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நான் நடத்தியிருந்தால் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

புதிய தலைவரின் முதல் வேலை, அட்டைகள். 4138ஐப் பேனாவால் அடித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் உறுப்பினர் எண் மட்டும் எழுதினாள். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். மைதீன் பாத்து ஒன்று. ஜெபக்கனி தனக்கு இரண்டாம் எண் போட்டுக்கொண்டாள். தர்ஷனா ஆட்கள் கடைசியில், மிச்சமிருந்த வெற்று அட்டைகளுக்காக. நான் அவர்களுக்கும் பின்னால் நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. இறங்கியவள் புதிதாகச் சேருவதுதான் முறை.

என் முறை வந்ததும் ஜெபக்கனி பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நிறுவனர்னு போடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முறைப்படி போடுட்டி."

நாற்பத்தேழு என்று எழுதினாள். அதற்குக் கீழே கொரிய மொழியில் சின்னதாக என்னவோ எழுதினாள். நான் போனை எடுத்து அதன் மேல் பிடிக்கப்போனேன். அவள் அட்டையைக் கையால் மூடிக்கொண்டாள். "போன் வேண்டாம். படிக்கக் கத்துக்கோ" என்றாள்.

டிசம்பர் 11, திங்கள்

உறுப்பினர் எண் 47 எழுதுவது.

டான்ஸில் என்னைக் கடைசி வரிசையில் போட்டிருக்கிறார்கள். ஆட்டம் எனக்குச் சுத்தமாக வராது என்பதை இத்தனை நாள் இந்த நோட்டிலும் எழுதாமல் விட்டுவிட்டேன். இன்று மூன்று முறை தலைவரிடம் திட்டு வாங்கினேன். பாதிப் பேர் சிரித்தார்கள். அதில் தர்ஷனாவின் சிரிப்புதான் பெரிது. முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டது. ஆனால் இவ்வளவு நன்றாகப் பசித்துச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

அடுத்த தலைவர் தேர்தல் ஜூன் மாதம். விதியை எழுதியது நானே. நான் நிற்பேன், ஜெயிப்பேன். இதைப் பயிற்சி முடிந்து வரும்போது ஜெபக்கனியிடம் நேராகவே சொல்லிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் பேசுகிற ஆள் நான் இல்லை.

"நில்லுட்டி," என்றாள் அவள். "என் ஓட்டு உனக்குத்தான்."

எதிர்த்து நிற்பவளுக்கே ஓட்டுப் போடுகிற தலைவரை உலகத்தில் எங்கேயாவது பார்த்ததுண்டா? இவளுக்கு அரசியலே தெரியவில்லை. ஜூனுக்குள் எவ்வளவோ சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.